ஐம்பதில் ஒரு பங்கு லாரி

என் மேசைமேல் நிற்கும் கிரேன் லாரி ஒரு சாண் நீளம்கூட இராது. 1:50 அளவில், ஜெர்மனியில் செய்த டைகாஸ்ட் மாடல், அதாவது உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி வார்த்தது. முன்னால் மெர்சிடிஸ் கேபின், கேபினின் முதுகை ஒட்டி மடிந்து உட்கார்ந்திருக்கும் கிரேன், அதற்குப் பின்னால் பக்கக் கதவுகள் வைத்த பாடி. அந்தக் கதவுகளின் கொக்கிகள் எள்ளளவுதான், ஆனாலும் நகக்கண்ணால் தள்ளினால் திறக்கும்.

கையில் எடுப்பவர்கள் எல்லோரும் நேராகக் கிரேனைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். நான் தடுத்துவிடுவேன். அதை விரிக்க ஒரு முறை உண்டு, நிஜ வண்டியில் என்ன முறையோ அதேதான். முதலில் இரண்டு பக்கமும் கால்களை வெளியே இழுக்க வேண்டும். கால்நுனியில் இருக்கும் ஜாக்கியை மேசையைத் தொடும்வரை இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நடுத்தூணைத் திருப்பலாம். தூணின் தலையிலிருந்து முதல் கை எழும்பும். அதன் முனையில் மடிந்திருக்கும் இரண்டாவது கை முழங்கையிலிருந்து நிமிரும். இரண்டாவது கைக்குள் இன்னும் சில கைகள், ஒன்றைவிட ஒன்று மெலிசாக, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். ஒவ்வொன்றாக வெளியே இழுத்தால் கடைசியில் கொக்கி. எல்லாம் நீட்டிய நிலையில் கிரேன் லாரியைவிட நீளமாகிவிடும். ஹைட்ராலிக் சிலிண்டர்களும் இருக்கின்றன, குழலுக்குள் கம்பி வழுக்கிப் போகிறது. ஆனால் உள்ளே எண்ணெய் கிடையாது. கை எந்தக் கோணத்தில் விட்டாலும் நிற்பதற்குக் காரணம் மூட்டுகளில் இருக்கும் பிடி மட்டும்தான். அந்தப் பிடி கொஞ்சம் கூடினால் பெயின்ட் உரியும், கொஞ்சம் குறைந்தால் கை தொங்கிவிடும். நல்ல மாடலுக்கும் சாதாரண பொம்மைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த மூட்டிலேயே தெரிந்துவிடும்.

கால் போடாமல் கையைப் பக்கவாட்டில் நீட்டி, கொக்கியில் ஒரு கனமான போல்ட்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மாடல் சாயும். கால் போட்டுவிட்டு அதே போல்ட்டைத் தொங்கவிட்டால் அசையாமல் நிற்கும். லாரி கிரேனின் பலத்தை வெறும் டன்னில் சொல்லாமல் டன்-மீட்டரில் சொல்வதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. 10 டன்-மீட்டர் கிரேன் என்றால் தூணிலிருந்து 2 மீட்டர் தள்ளி 5 டன் தூக்கும், 5 மீட்டர் தள்ளி 2 டன், 10 மீட்டர் தள்ளி 1 டன். கையின் சொந்த எடையையும் கணக்கில் எடுத்தால் தூரத்தில் இன்னும் குறையும். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடத்துகிறவர்கள் இப்படி ஒரு மாடலை வகுப்புக்கு எடுத்துப் போனால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

நம் பக்கம் கிரேன் என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது ஹைட்ராதான். பல்லடத்தில் தறி இறக்கினாலும், கோயிலுக்குக் கல் தூண் தூக்கினாலும் ஹைட்ரா வந்து நிற்கும். அது சுமையைத் தூக்கிக்கொண்டே நடக்கிற ஜாதி. லாரி முதுகில் உட்காரும் மடக்குக் கிரேன் வேறு ஜாதி. நின்ற இடத்தில் கால் ஊன்றி வேலை செய்துவிட்டு, மடங்கி, சுமையைத் தன் பாடியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். இந்த யோசனை வடக்கு ஐரோப்பாவின் மரக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. 1944இல் ஸ்வீடனின் ஹுடிக்ஸ்வால் ஊரில் எரிக் சுண்டின் என்பவர் தொடங்கிய ஹியாப் நிறுவனம்தான் ஹைட்ராலிக் லாரி கிரேனைப் பரவலாக்கியது. லாரியின் எஞ்சின் ஓடும்போது அந்தச் சக்தியை எடுத்து எண்ணெயை அழுத்தி, அதைக் கொண்டு சுமை ஏற்ற முடியும் என்று யோசித்தவர் அவர். அதற்கு முன்பு பனிக்காலத்திலும் ஆட்கள்தான் மரக்கட்டையை உருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பிழைப்பு டை டிசைன், அதாவது வார்க்கும் அச்சை வடிவமைப்பது. கோவையில் குறிச்சிப் பக்கம் ஒரு பிரஷர் டைகாஸ்டிங் பட்டறையில் வேலை. அதனால் எந்த மாடல் கைக்கு வந்தாலும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதுதான் என் பழக்கம். அடிப்பக்கம் பொய் சொல்லாது. இந்தக் கிரேன் லாரியின் சேசிஸைத் திருப்பினால் குறுக்குச் சட்டங்களின்மேல் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். அவை எஜெக்டர் பின்னின் தடம். உருகிய உலோகம் அச்சுக்குள் பாய்ந்து இறுகியதும் டை திறக்கும், பின்கள் முன்னே வந்து வார்ப்பைத் தள்ளி விழ வைக்கும். நல்ல டிசைனர் அந்த வட்டங்களைக் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்து வைப்பார். இந்த மாடலில் அவை எல்லாம் சக்கர இருசுக்கும் ஸ்டெப்னி டயருக்கும் மேலே ஒளிந்திருக்கின்றன. வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் தொழில் தெரிந்த கை.

உலோகம் துத்தநாகக் கலவை. ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம், துளி மக்னீசியம், சில ரகங்களில் கொஞ்சம் செம்பு, மீதி எல்லாம் துத்தநாகம். 390 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் ஊசிக்குழாயும் பம்பும் உலோகத் தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற ஹாட் சேம்பர் மெஷினில் அடிக்கலாம். அலுமினியத்தை இப்படி அடிக்க முடியாது, சூடான அலுமினியம் இரும்பைத் தின்றுவிடும். துத்தநாகத்தின் இன்னொரு குணம், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ரேடியேட்டர் கிரில்லின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிவதும், படிக்கட்டில் கால் வழுக்காமல் இருக்கப் போட்ட கோடுகள்கூடத் தெரிவதும் அதனால்தான்.

ஆனால் இந்தக் கலவையில் ஈயம் கலந்துவிடக் கூடாது. லட்சத்தில் ஐந்து பங்கு என்பதுதான் எல்லை. அதற்கு மேல் போனால், பல வருடம் கழித்து உலோகம் உள்ளிருந்தே விரிசல் விட்டு, வீங்கி, கையில் எடுத்தால் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் வார்த்த எத்தனையோ விலைமதிப்பற்ற பொம்மை ரயில்களும் கார்களும் இப்படித்தான் அலமாரிக்குள்ளேயே பொடியாகிப் போயின. பெயின்ட் கொட்டி அரித்ததில்லை, வார்க்கும்போதே உள்ளே விஷம் இருந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். பழைய மாடல் வாங்குகிறவர்கள் கதவு இடுக்குகள் நேராக இருக்கின்றனவா, சேசிஸ் வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தலைமுடி அளவு விரிசல் தெரிந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், அதை நிறுத்த மருந்து கிடையாது.

அளவுக் கணக்கு எனக்கு எப்போதும் சலிக்காத விஷயம். நீளம் ஐம்பதில் ஒன்றானால் பரப்பு 2,500இல் ஒன்று, கன அளவு 1,25,000இல் ஒன்று. 20 டன் லாரியை ஒழுங்காகக் குறுக்கினால் 160 கிராம்தான் வரவேண்டும். என் மாடல் தராசில் அரைக் கிலோவைத் தாண்டுகிறது. காரணம் தகட்டின் கனம். நிஜக் கேபினின் தகடு 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மாடலில் அது 0.02 மில்லிமீட்டர் ஆக வேண்டும். அப்படி எந்த அச்சிலும் வார்க்க முடியாது. 1 மில்லிமீட்டர் சுவர் என்பது எங்கள் தொழிலில் சௌகரியமான அளவு. அதை ஐம்பதால் பெருக்கினால் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத் தகட்டில் கேபின் கட்டியதாகக் கணக்கு. இந்தக் கனத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதுதான் வித்தை. ஜன்னல் விளிம்பை மட்டும் சீவி மெலிதாக்குவார்கள், கண்ணாடியையும் ஏணிக் கம்பியையும் தனியாகச் செய்து செருகுவார்கள், பக்கக் கதவின் மேல்விளிம்பைச் சாய்த்துவிடுவார்கள். கனம் அப்படியே இருக்கும், கண் மட்டும் ஏமாறும். கையில் எடுக்கும்போது அந்தக் கூடுதல் எடை ஒரு சந்தோஷத்தையும் தருகிறது, அதை மறுக்கவில்லை.

அளவு விஷயத்தில் ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு வழக்கம். பிரிட்டிஷ் பொம்மைக் கார்களின் 1:43 பழைய ‘ஓ’ கேஜ் பொம்மை ரயிலிலிருந்து வந்தது, ஐரோப்பாவின் 1:87 ‘எச்ஓ’ பொம்மை ரயிலிலிருந்து. கட்டுமான எந்திரங்களும் கனரக லாரிகளும் 1:50இல் நிலைத்துவிட்டன. அதில் பேர்போன நிறுவனங்கள் நியூரம்பர்க் வட்டாரத்தில் இருக்கின்றன. நியூரம்பர்க்கில் என்இசட்ஜி, பக்கத்தில் கால்க்ராய்த் ஊரில் கான்ராட். 1950 முதல் உலகப் புகழ் பெற்ற பொம்மைச் சந்தை கூடுவதும் அதே நியூரம்பர்க்கில்தான். இவர்கள் பிள்ளைகளை மட்டும் நம்பித் தொழில் செய்யவில்லை. லாரிக் கம்பெனியும் கிரேன் கம்பெனியும் தங்கள் புது வண்டி வெளிவரும்போது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க மாடல் செய்யச் சொல்லி ஆர்டர் தருவார்கள். ஆர்டரோடு வண்டியின் டிராயிங்கும் வரும். எந்த போல்ட் எங்கே, எந்தக் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது என்பதுவரை அதில் இருக்கும். மாடல்காரர் அதை ஐம்பதால் வகுத்து வேலையைத் தொடங்கிவிடுவார்.

நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வந்தது இந்த டிராயிங் விஷயத்துக்காகத்தான்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று ஒரு முக்கோணம் போட்டால் அதற்குள் லாரியை நம்பாத வீடு குறைவு. தென்னிந்தியாவுக்கு கேஸ் சுமக்கும் டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல்காரர்களுடையது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போய் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடாத மாநிலம் இருக்கிறதா என்பது சந்தேகம். லாரி பாடி கட்டுவதற்கென்றே பக்கத்து மாநிலங்களிலிருந்து நாமக்கல்லுக்குச் சேசிஸ் வரும். அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும்: கேபின் இல்லாத வெறும் சேசிஸ், முன்னால் எஞ்சினும், கண்ணாடிக்குக் கீழே வரும் கவுல் என்ற முன்தகடும், ஸ்டீயரிங்கும் மட்டும். தற்காலிகமாகக் கட்டிய சீட்டில் டிரைவர், முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து காற்றிலும் வெயிலிலும் ஓட்டிக்கொண்டு வருவார். அந்தச் சேசிஸ் பட்டறைக்குள் போய், ஆசாரியும் வெல்டரும் டிங்கரும் பெயின்டரும் கை வைத்து முடித்ததும், கேபினும் பாடியும் சாமி பெயருமாக ஒரு முழு லாரி வெளியே வரும்.

எனக்குத் தெரிந்து அந்த லாரிக்கு இன்றுவரை ஒரு நல்ல மாடல் கிடையாது. இந்தியாவில் டைகாஸ்ட் செய்யாமல் இல்லை. 1960களின் கடைசியில் பிரிட்டனின் டிங்கி பொம்மைக் கார்களின் அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் கார்கள் வார்க்கப்பட்டன. பிறகு ஹாட் வீல்ஸும் இங்கே செய்யப்பட்டது. ஆனால் அந்த அச்சுகள் எல்லாம் அயல்நாட்டு வண்டிகளுக்கு வெட்டியவை. பிளாஸ்டிக்கில் சென்டி கம்பெனியின் ‘பப்ளிக் டிரக்’ கிடைக்கிறது, என் அக்கா மகனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், விலைக்கு மீறிய அன்போடு செய்த பொருள். ஆனால் அதன் முகம் வடக்கத்தி லாரியின் முகம். நாமக்கல் கேபினின் நெற்றி உயரமும், கண்ணாடிக்கு மேலே பெயர்ப்பலகை உட்காரும் பெட்டியும், கதவுக்குக் கீழே போட்ட பூவேலையும் அதில் இல்லை.

நம்மிடம் அச்சு வெட்டத் தெரிந்தவர்கள் இல்லையா என்றால், கோவையில் தெருவுக்கு ஒரு டூல் ரூம் இருக்கிறது. துத்தநாகம் அடிக்கும் மெஷினும் இருக்கிறது. இல்லாதது டிராயிங். சேசிஸுக்குக் கம்பெனியிடம் டிராயிங் இருக்கும். கேபினுக்கும் பாடிக்கும் அது பட்டறை மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும்தான் இருக்கிறது.

நாமக்கல்லில் சேலம் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் வயதான மேஸ்திரி ஒருவரிடம் இதைக் கேட்டேன். மரச்சட்டத்தில் கேபின் கட்டிய காலத்திலிருந்து அந்தத் தொழிலில் இருப்பவர்.

“ஏனுங் மேஸ்திரி, இந்தக் கேபினுக்கு டிராயிங் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“டிராயிங்குங்களா? சேசிஸ் வந்து நின்னாப் போதுங் தம்பி. கவுல்ல இருந்து ஒரு நூல் புடிச்சா அத்தன அளவும் அதுலயே வந்துருமுங்க. எழுதி வெச்சு ஆருக்குக் காட்டறது?”

சொல்லிவிட்டு, உத்தரத்தில் செருகியிருந்த ஒரு ரீப்பர் கட்டையை எடுத்துக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. நான்கு பக்கமும் உளியால் வெட்டிய கீறல்கள். ஒரு பக்கத்துக் கீறல்கள் லேலண்டுக்கு, அடுத்த பக்கம் டாட்டாவுக்கு. எந்தக் கீறலிலும் எண் கிடையாது. கீழிருந்து வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார்: தளம், சீட்டு, கதவுக் கொண்டி, கண்ணாடி அடிவிளிம்பு, கண்ணாடி மேல்விளிம்பு, கூரை. சில கீறல்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்திருந்தார், அது டிரைவர் உயரமான ஆளாக இருந்தால் எடுக்கும் அளவு. நான் டேப்பை வைத்து ஒவ்வொரு கீறலையும் குறித்துக்கொண்டேன், அவர் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு கட்டையில் ஒரு காலத்து நாமக்கல் கேபின் முழுவதும் இருக்கிறது. ஜெர்மன்காரனுக்குக் கம்பெனி அனுப்பும் டிராயிங்குக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை, படிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்கும்வரை.

அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கட்டை அடுப்புக்குப் போய்விடும் என்பதுதான் என் பயம். இப்போது கம்பெனிகளே முழுக் கேபினோடு வண்டியை விடுகின்றன. லாரி கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. டிரைவர்களுக்கு அது வர வேண்டிய வசதி, வெகு தாமதமாக வந்திருக்கிறது. பட்டறைகளுக்கு மிஞ்சியது பின்பாடி வேலை. மரக் கேபின் வண்டிகளை இப்போது எடைக்குப் போட்டு உடைக்கிறார்கள். உடைத்த பிறகு அளக்க முடியாது.

இனி, முதல் மாடலாக எதைச் செய்யலாம் என்பது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. போர் மோட்டார் தூக்கும் வண்டி.

ராசிபுரம் பக்கம் என் மாமா அப்படி ஒன்று வைத்து ஓட்டுகிறார். பழைய டாடா 407, பின்னால் ஒரு கோபுரம், ஒரு வின்ச். கிணற்றில் மோட்டார் எரிந்துபோனால் விவசாயி முதலில் போன் போடுவது அவருக்குத்தான். ஐரோப்பியக் கிரேனின் நாசூக்கெல்லாம் அதில் இராது, ஆனால் அதன் ஒவ்வொரு அளவுக்கும் காரணம் இருக்கிறது. இரும்புக் குழாய் ஒன்று 20 அடி. ஒரு குழாயை முழுசாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டுமென்றால் கப்பி தரையிலிருந்து 20 அடிக்கும் நன்றாக மேலே இருக்க வேண்டும். அதனால் கோபுரம் 25 அடியை ஒட்டி வரும். அவ்வளவு நீளத்தை நிமிர்த்தியபடி ரோட்டில் போக முடியாது, எனவே கேபின்மேல் படுக்க வைக்க வேண்டும், படுத்தால் முன்பக்கம் மூக்குபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். எடைக்கும் கணக்கு உண்டு. இரண்டு அங்குல இரும்புக் குழாய் மீட்டருக்கு 5 கிலோ. 600 அடி என்றால் 30 குழாய், 900 கிலோவுக்கு மேல். குழாய்க்குள் தண்ணீர் நின்றுவிட்டால் அது ஏறக்குறைய 400 கிலோ. மோட்டாரும் கேபிளும் தனி. மொத்தத்தில் ஒன்றரை டன்னை ஒரு கம்பியில் கட்டி இழுக்கிறார்கள், கீழே ஒரு கிளாம்ப் குழாயின் கழுத்தைப் பிடித்திருக்க, மேலே ஒருவர் ஸ்பானர் போட்டுக் கழற்றுகிறார். கிளாம்ப் நழுவினால் அத்தனையும் ஆயிரம் அடி ஆழத்துக்குள். இப்போது பிளாஸ்டிக் குழாய்கள் வந்து எடை குறைந்திருக்கிறது, ஆனாலும் மாமா கிளாம்பைப் பூட்டிய பிறகு காலால் ஒரு உதை விட்டுப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டார். செம்மண் இளகியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் பனங்கட்டை போடுவார். ஸ்வீடன்காரர் கிரேனுக்குக் கால் வைத்த அதே காரணம்தான்.

கொங்கு நாட்டு விவசாயம் ஆழ்துளைக் கிணற்றில் தொங்குகிறது. அதைத் தூக்கி இறக்கும் வண்டிக்கு ஒரு மாடல் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான். 1:50இல் வண்டி 10 சென்டிமீட்டருக்குள் அடங்கும், கோபுரம் 15 சென்டிமீட்டர். நிமிர்த்தினால் என் ஜெர்மன் கிரேனுக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். வின்ச்சில் நூல் சுற்றலாம், கப்பி ஓட வேண்டும், கிளாம்ப் உண்மையிலேயே குழாயைப் பிடிக்க வேண்டும். இது மூன்றும் இல்லையென்றால் செய்வதில் அர்த்தமில்லை.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கேபினுக்கு நாலு பக்கமும் ஸ்லைடு, அதாவது பக்கவாட்டில் நகரும் பாகம், வைத்த டை என்றால் லட்சக்கணக்கில் ஆகும், ஆயிரக்கணக்கில் அடித்து விற்றால்தான் கட்டும். அதனால் நாமக்கல் முறையையே பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. சேசிஸ் பொதுவானது, பாடி பட்டறைக்குப் பட்டறை வேறு. மாடலிலும் சேசிஸுக்கு மட்டும் எளிமையான இரண்டு பாக டை வெட்டித் துத்தநாகத்தில் அடிக்கலாம். எடை கையில் தெரியும். கேபினையும் கோபுரத்தையும் 3டி பிரின்ட் எடுத்து, சிலிக்கோன் அச்சு செய்து ரெசினில் வார்க்கலாம். ஒரு சிலிக்கோன் அச்சு இருபது முப்பது வார்ப்பு தாங்கும், போதும். பிரின்டில் ஒரு அடுக்கு 0.05 மில்லிமீட்டர் என்றால் நிஜ அளவில் இரண்டரை மில்லிமீட்டர். கதவின் பூவேலைக்கு அது தாராளம். ஒரு சேசிஸ் டை இருந்தால் அதன்மேல் 22 அடிப் பாடி ஏற்றலாம், தேங்காய் லோடு வண்டி ஏற்றலாம், கோழிக்கூண்டு வண்டி ஏற்றலாம். டாரஸ் என்கிற பெரிய லாரியின் சேசிஸ் ஒன்று வெட்டிவிட்டால் திருச்செங்கோட்டு ரிக்கும் வந்துவிடும். நேஷனல் பெர்மிட் வண்டிக்குச் சட்டமே சொன்ன அந்தக் காய்ந்த இலைப் பழுப்பு நிறத்தை மட்டும், அதைத் தன் கையால் பூசிய பெயின்டர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கலக்க வேண்டும். போட்டோவைப் பார்த்துக் கலந்தால் அந்த நிறம் வராது.

மாமாவின் 407ஐ அளந்துவிட்டேன். மேஸ்திரியின் கட்டையை அளந்துவிட்டேன். மரக் கேபின்தான் இன்னும் அகப்படவில்லை. கரூர், ஈரோடு, தாராபுரம், ஆத்தூர் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, களத்திலோ பட்டறைக்குப் பின்னாலோ மரச்சட்டக் கேபினோடு ஒரு பழைய லாரி நின்றால், உடைப்பதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வேண்டியவை இவைதான்: கவுலின் மேல்விளிம்பிலிருந்து கூரைவரை உயரம், முன்கண்ணாடியின் அகலமும் சாய்வும், கதவின் நாலு விளிம்பு, பெயர்ப்பலகைப் பெட்டி எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது, கேபினின் பின்சுவர் முன் இருசிலிருந்து எவ்வளவு தூரம். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுங்கள், பழைய வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போட்டோ எடுக்கும்போது டேப்பை விரித்து வண்டியோடு சேர்த்துப் பிடித்து எடுங்கள், நேர் எதிரே நின்று, வண்டியின் பாதி உயரத்தில் கேமராவை வைத்து. அந்தப் பட்டறையில் யாராவது கீறல் போட்ட கட்டை வைத்திருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.